என் கணவர் வேண்டாம் என்ற ஊர்

மூன்று வருடங்களுக்கு முன், யூலை மாதக் குளிரில், சிட்னி பென்டில் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டில் தொடங்கியது இது. என் அண்ணாவின் மகளுக்கு செப்டெம்பரில் லண்டனில் கல்யாணம். கொரோனாக் காலத்தில் எடுக்காத லீவு எல்லாம் எங்கள் இருவருக்கும் சேர்ந்து கிடந்தது. அதனால் இந்த முறை கல்யாண வீட்டோடு திரும்பிவிடாமல் ஐரோப்பாவில் நாலைந்து நாள் சுற்றிப் பார்ப்பதென்று முடிவு செய்தோம்.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் ஐரோப்பாவுக்குப் போவது எப்படியென்று உங்களுக்குத் தெரியும்தானே. பாரிசில் சித்தப்பா வீடு, சுவிசில் மச்சாள் வீடு. ஒவ்வொரு வீட்டிலும் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, பெண் பிள்ளைகள் பெரியவர்களான சாமத்திய வீட்டு வீடியோவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவோம். சொந்தக்காரர் யாரும் இல்லாத ஊருக்கு, ஊரைப் பார்க்கவென்றே போவது எனக்கு அதுதான் முதல் தடவை. சின்னப் பிள்ளை மாதிரி ஆசைப்பட்டேன்.

மெல்பேர்னில் வேலை பார்க்கும் மகள்தான் பயணத்தைத் திட்டமிட்டாள். கடைசியில் இரண்டு ஊர்களில் வந்து நின்றது. ஒன்று பெல்ஜியத்தில் இருக்கும் புரூஜ். கால்வாய்களும் கல் பாலங்களும் உயரமான மணிக்கூண்டும் உள்ள பழைய வியாபார ஊர். மற்றது தெற்கு ஜேர்மனியில், சுற்றிவரப் பழைய கல் மதில் அப்படியே நிற்கும் ஒரு சின்ன ஊர். அதன் பெயரை எழுத வேண்டாம் என்று என் கணவர் கேட்டிருக்கிறார். இரண்டும் பல நூறு வருடங்களாகப் பெரிதாக மாறாத ஊர்கள்.

"ரெண்டுக்கும் டைம் இல்லையம்மா. ஒண்டைச் சொல்லுங்கோ, நான் புக் பண்ணுறன்" என்றாள் மகள்.

அவள் அனுப்பிய வீடியோவைப் பார்த்ததுமே எனக்கு ஜேர்மன் ஊர் பிடித்துவிட்டது. மரச்சட்டங்கள் வெளியே தெரியும் வீடுகள், கூரான சிவப்புக் கூரைகள், யன்னலுக்கு யன்னல் பூச்சாடிகள். மதிலின்மேல் ஏறி ஊரைச் சுற்றி நடக்கலாமாம். என் கணவரோ வீடியோவைப் பாதியிலேயே விட்டு எழும்பி, "புரூஜுக்குப் போவம்" என்றார்.

"ஏனப்பா?"

"லண்டனிலயிருந்து ரயிலில போகலாம். சொக்லேட்டும் நல்லதாம்."

அவருக்குச் சீனி வருத்தம். சொக்லேட்டுக்காக ஊர் தேடுகிறார் என்று நானும் மகளும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பிறகு குளிர் என்றார், தூரம் என்றார். செப்டெம்பரில் என்ன குளிர்? எனக்குக் கோபம் வந்தது. வீடு வாங்கியது, கார் வாங்கியது எல்லாம் அவர் சொன்னபடிதானே நடந்தது, இந்த ஒருமுறை நான் சொல்லும் இடத்துக்குப் போவோம் என்று பிடிவாதமாக நின்றேன்.

"அப்ப நீரும் பிள்ளையும் போங்கோ. நான் லண்டனிலயே நிக்கிறன்" என்றார்.

அந்தச் சொல் சுட்டுவிட்டது. அவர் ரயில்வேயில் மின்சாரப் பகுதியில் வேலை செய்கிறவர். இயல்பிலேயே பேச்சுக் குறைவு. ஆனால் என்னை வெட்டிப் பேசுகிறவர் அல்ல. இரண்டு மூன்று நாள் நாங்கள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அந்த வீம்பில்தான் சனிக்கிழமை மரக்கறிக் கடையில் தெரிந்தவர்களைக் கண்டபோது, "நாங்கள் ஜேர்மனிக்குப் போறம்" என்று பெரிதாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான், பக்கத்தில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற அந்த அக்காவைக் கவனித்தேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபத்தைந்து வயது மதிக்கலாம். மெல்பேர்னில் இருந்தவர், கணவர் தவறியபின் பிளாக்டவுனில் இருக்கும் மகனோடு வந்து சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோயிலில் பார்த்துச் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். ஆனால் அவருடைய கதை எல்லோருக்கும் தெரியும். யாராவது ஜேர்மனிக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால், காணாமல்போன தன் தம்பியின் படத்தோடு வீடு தேடி வந்துவிடுவார். அதற்குப் பயந்தே சிலர் லண்டனுக்கு மட்டும் போவதாகச் சொல்லுவார்கள்.

அடுத்த நாள் பின்னேரம் எங்கள் வீட்டு மணி அடித்தது. அவரேதான்.

கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்தேன். கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட படத்தை எடுத்தார். வெள்ளைச் சேட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை, பதினெட்டு வயதுப் பையன். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் அவர்கள் வீட்டின் கடைசிப் பிள்ளை. எண்பதுகளில், சண்டையால் பையன்கள் வீட்டில் இருக்க முடியாமல் போன காலத்தில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலம் கொழும்பிலிருந்து விமானம் ஏறியவன். கிழக்கு பெர்லினில் இறங்கிவிட்டேன் என்று ஒரு தகவல் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அம்மா கடைசிவரை வாசல் படலையைப் பார்த்துக்கொண்டே இருந்து செத்துப்போனாராம். இவர் எழுதாத இடமில்லை. அவனுடைய பெயரில் ஒருவரும் ஜேர்மனிக்கு வரவில்லை என்றுதான் எல்லா இடத்திலிருந்தும் பதில்.

பின்வளவில் நின்ற என் கணவர் அந்த நேரம் உள்ளே வந்தார். அவர் கோயிலுக்குப் போகிறவரில்லை, ஞாயிறுகளில் பெரும்பாலும் வேலை. அந்த அக்காவை அவர் பார்த்ததே இல்லை, அவருடைய கதையை நானும் வீட்டில் சொன்னதில்லை. மரியாதைக்காக நான் படத்தை அவரிடம் நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தவர், பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அக்கா, இந்தப் புருவத்தில காயம் ஒண்டு இருக்கு. அது எப்பிடி வந்தது?"

அக்கா சிரித்தார். "அது நான் செய்த வேலை தம்பி. துலாவில தண்ணி அள்ளேக்க கயிறு கைநழுவி, வாளி ஆடிப்போய் அவன்ர புருவத்தில அடிச்சது. எனக்கு அடி விழப்போகுதெண்டு, தான் கிணத்துக்கட்டில தடக்கி விழுந்ததெண்டு அம்மாவுக்குப் பொய் சொன்னவன். சின்னன், அண்டைக்கு ஆறு வயசும் இல்லை."

என் கணவர் படத்தை மேசையில் வைத்தார். "பாக்கிறம் அக்கா" என்று சொல்லிவிட்டு மீண்டும் பின்பக்கம் போய்விட்டார். அவருடைய முகம் எப்படி இருந்ததென்று எனக்குத்தான் தெரியும்.

வாசலில் செருப்பைப் போடும்போது அந்த அக்கா என் கையைப் பிடித்தார். "இப்ப ஐம்பத்தைஞ்சு, ஐம்பத்தாறு வயசிருக்கும் பிள்ளை. தலைமயிர் கொட்டியிருக்கும். காயம் மாறாது. அதைப் பாத்துப் பிடியுங்கோ."

பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கொடிக்குப் பக்கத்தில், ஈரப் புல்லிலேயே இருந்தார் என் கணவர். நான் கிட்டப் போனதும் சொன்னார்:

"அவன் செத்துப்போனான். நான்தான் அடையாளம் காட்டினனான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. ஜேர்மனியில் கொஞ்சக் காலம் இருந்தேன், நல்ல குளிர் என்று மட்டும்தான் இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் எனக்குச் சொல்லியிருந்தார். அன்றுதான் முழுவதும் சொன்னார்.

அவரும் அந்தப் பையனும் ஒரே விமானத்தில் போனவர்கள். மேற்கு பெர்லினுக்குள் கடந்து அகதியாகப் பதிந்ததும் இருவரையும் தெற்கே அனுப்பிவிட்டார்கள். நான் ஆசைப்பட்ட அதே ஊருக்கு. மதிலுக்கு வெளியே இருந்த ஒரு பழைய சத்திரம்தான் அகதி விடுதி. ஓர் அறையில் ஒன்றரை வருடம் ஒன்றாக இருந்திருக்கிறார்கள். பையன் வந்தது வேறு யாருடையதோ பாஸ்போர்ட்டில். பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று ஏஜென்சிக்காரன் வெருட்டியதால் அகதி விண்ணப்பத்திலும் அந்தப் பெயரையே கொடுத்துவிட்டான். உண்மையான பெயரை என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. "தெரிஞ்சா உனக்கும் கரைச்சல்" என்பானாம். அம்மாவைப் பற்றிச் சொல்லுவான், அக்கா வாளியால் அடித்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். ஊர் வடமராட்சிப் பக்கம் என்றதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டான். கடிதம் பிடிபட்டால் உண்மைப் பெயர் தெரிந்துவிடும் என்று பயந்து, கேஸ் முடியும்வரை வீட்டுக்கும் எழுதாமல் இருந்தானாம்.

அகதிகள் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். ஆனால் பிறகு வீட்டுக்கு அனுப்பக் காசு சேர்க்க வேண்டுமே. மதிலுக்குள்ளே ஒரு சாப்பாட்டுக் கடையில் களவாகக் கோப்பை கழுவப் போவார்கள். தைப்பொங்கலுக்கு அடுத்த நாள், பட்டிப்பொங்கல் அன்று என் கணவருக்குக் காய்ச்சல். பையன் தனியாகப் போனான். திரும்பும்போது ஊர் வாசலால் வந்தால் பொலிஸ் மறிக்கும் என்று, மதிலின் அடியில் இருக்கும் பழைய அகழிப் பள்ளத்தால் வருவதுதான் வழக்கம். அன்றைக்குக் கடும் பனி. சறுக்கி விழுந்து கால் முறிந்திருக்கிறது. கத்தியிருப்பான். அந்த மதில் எவ்வளவு தடிப்பு என்பதை வீடியோவில் நான் வியந்து வியந்து பார்த்திருந்தேன். காலையில் நாயோடு நடக்க வந்த ஒரு கிழவர்தான் கண்டிருக்கிறார். விறைத்துப்போய்க் கிடந்தானாம்.

பொலிஸ் என் கணவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெயர் கேட்டார்கள். அவருக்குத் தெரிந்த பெயரைச் சொன்னார். அந்தப் பெயரிலேயே ஊர் மயானத்தில் புதைத்தார்கள். வீட்டுக்கு அறிவிக்க விலாசம் இல்லை. சில மாதத்தில் அவர் அந்த ஊரைவிட்டு வெளிக்கிட்டு, அங்கே இங்கே அலைந்து, கடைசியில் தமையனின் உதவியோடு சிட்னிக்கு வந்து சேர்ந்தார்.

"இப்ப அவட்ட என்னெண்டு போய்ச் சொல்லுறது?" என்றார்.

சொல்ல வேண்டாம் என்றேன் நான். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். மகன் வருவானா என்று கேட்கும் கிழவிகளுக்கு, நாளைக்கு வருவான் என்று சொல்லித்தான் ஒவ்வொரு நாளும் சோறு தீத்துகிறேன். அந்த அக்கா தம்பிக்கு வயதைக் கூட்டிக் கூட்டி உயிரோடு வைத்திருக்கிறார். அதை ஏன் பறிக்க வேண்டும்? "பாத்தம், காணேல்லை எண்டு சொல்லுவம். எல்லாரும் அப்பிடித்தானே சொல்லினம்" என்றேன்.

"இவ்வளவு காலமும் யாரிட்டச் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியாது. இப்ப தெரியும். இனி நான் சொல்லாட்டி அது வேற." பிறகு, "அவனைத் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான் மிச்சம்" என்றார்.

போய்ச் சொல்லுவதற்கு முன், கல்லறை எங்கே இருக்கிறதென்றாவது கேட்டுக்கொண்டு போகலாம் என்று மகளிடம் விஷயத்தைச் சொன்னோம். அவளோடு வேலை செய்யும் ஜேர்மன் பெண் ஒருத்தி அந்த ஊர் மயானத்துக்குப் போன் பண்ணிக் கேட்டாள். அந்த நாட்டில் கல்லறை நிரந்தரமில்லையாம். ஒரு தவணைக்குத்தான் கொடுப்பார்கள். தவணை முடிந்ததும் உரியவர்கள் வந்து நீட்டிக்காவிட்டால் கல்லை அகற்றிவிடுவார்கள். அந்த இடத்தில் இப்போது வேறு ஆட்கள் புதைக்கப்பட்டிருந்தார்கள்.

மகள் இதைப் போனில் சொன்னபோது அழுதாள். "ஐ ஆம் சோ சொறி, அப்பா." அவர் போனை என்னிடம் தந்துவிட்டு, "ஒரு கல்லாவது இருக்கும் எண்டு நினைச்சனான்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலை பிளாக்டவுனுக்குப் போனோம். அக்காவின் மகனும் வீட்டில் இருந்தான். நாங்கள் படத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறோம் என்றுதான் அவர் நினைத்தார். என் கணவர் கதிரையின் நுனியில் இருந்து, தலையைக் குனிந்தபடி, ஒன்றும் விடாமல் சொன்னார். அக்கா சீலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

முடித்ததும் மகன்தான் எழும்பினான். "அங்கிள், தப்பா நினைக்காதேங்கோ. பேரும் வேற, கல்லறையும் இல்லை எண்டுறீங்கள். ஹவ் கேன் யூ பி ஷுவர்? அம்மாவை ஏன் இப்பிடி...?"

அக்கா கையைக் காட்டி அவனை நிறுத்தினார். என் கணவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அண்டைக்குச் சாப்பிட்டவனோ?"

சாப்பிட்டவன் என்று சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று என் மனம் அடித்துக்கொண்டது. அந்த ஒரு பொய்க்கு என்ன குறை? யாருக்குத் தெரியப்போகிறது?

"இல்லை அக்கா" என்றார் அவர். "பொங்கலுக்கு வாங்கின அரிசியில கொஞ்சம் மிச்சம் இருந்தது. சோறும் பருப்பும் காய்ச்சினனான். வந்து சாப்பிடுறன் எண்டு போனவன். விடியும்வரை மூடி வைச்சிருந்தனான்."

அந்த இடத்திலேயே அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. அக்கா அழவில்லை. கையில் சுற்றியிருந்த சீலைத் தலைப்பை அவிழ்த்துவிட்டார். பிறகு மகனிடம் சொன்னார்:

"அது அவன்தான். இவர் சாப்பிட்டவன் எண்டு சொல்லியிருந்தா நான் ஒண்டையும் நம்பியிருக்கமாட்டன். இவ்வளவு வருசமும் எல்லாரும் எனக்கு மனம் நோகாத கதைதான் சொன்னவை."

நாங்கள் எழும்பலாமா விடலாமா என்று தெரியாமல் இருந்தோம். திடீரென்று அவர் என் கணவரின் பக்கம் திரும்பினார். அதுவரை தம்பி என்று கூப்பிட்டவரின் குரல் இப்போது மாறியிருந்தது.

"ஒண்டரை வருசம் ஒரு அறையில படுத்தனீர். உன்ர பேர் என்னடா எண்டு ஒருநாளும் வற்புறுத்திக் கேக்கேல்லையோ நீர்? பேர் தெரிஞ்சிருந்தா என்ர அம்மா கண்ணை மூடியிருப்பா."

அன்றைய நிலைமை அப்படி என்று நான் வாயைத் திறந்தேன். என் கணவர் வேண்டாம் என்று என் கையைத் தொட்டார்.

புறப்படும்போது அக்கா வாசலுக்கு வரவில்லை. உள்ளே இருந்தபடியே சொன்னார். "எந்த ஊருக்குப் போறதெண்டு யோசிக்கிறீங்களாம். அங்கயே போங்கோ. என்ர காலோட எனக்கு அவ்வளவு தூரம் வர ஏலாது. அவன் கிடந்த இடத்தில நிண்டு அவன்ர சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. ஆரோ ஒருத்தன்ர பேரோட கிடக்கிறான்."

பெயரைச் சொன்னார். என் கணவர் அன்றுதான் அந்தப் பெயரை முதன்முதலாகத் தன் நண்பனுடைய பெயராகக் கேட்டார். காரில் திரும்பும் வழி முழுவதும் அவருடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது.

செப்டெம்பரில் கல்யாணம் முடிந்து அந்த ஊருக்குப் போனோம். வீடியோவில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. அதை எப்படிச் சொல்லுவது? அகதி விடுதியாக இருந்த சத்திரம் இப்போது நல்ல ஹோட்டல். அவர்கள் படுத்த அறையின் யன்னலிலும் சிவப்புப் பூக்கள். மதிலின்மேல் ஆட்கள் படம் எடுத்தபடி நடந்தார்கள். கீழே அகழி முழுவதும் வெட்டி ஒழுங்காக்கிய புல்.

என் கணவர் யாரிடமும் வழி கேட்கவில்லை. நேரே போய் ஓரிடத்தில் நின்றார். வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார். மூன்றாம் முறை பெயர் வந்தது. பிறகு கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், வயல் வரம்பில் நின்று தூரத்தில் போகிறவனைக் கூப்பிடுகிற மாதிரி. மதிலின்மேல் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் சேர்ந்து கூப்பிட்டேன். பக்கத்தில் மர வாங்கில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவி சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழும்பி நின்றாள். அவளுக்கு என்ன விளங்கியதோ தெரியாது.

அந்த ஊரில் இரண்டு நாள் தங்குவதாக இருந்தது. அன்று பின்னேரமே ரயில் ஏறிவிட்டோம். புரூஜுக்கும் போகவில்லை.

சிட்னிக்கு வந்ததும் அக்காவிடம் போனோம். ஊர் எப்படி என்று அவர் கேட்கவில்லை. "சத்தமாக் கூப்பிட்டனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றோம். தலையை ஆட்டினார். செத்தது பட்டிப்பொங்கல் அன்று என்று தெரிந்ததால் ஐயர் திதி பார்த்துச் சொல்ல, அடுத்த தை மாதம் தம்பிக்கு முதன்முதலாகத் திவசம் கொடுத்தார். எங்களையும் கூப்பிட்டிருந்தார். என் கணவருக்குத் தன் கையாலேயே சோறு போட்டார், அவர் போதும் என்ற பிறகும் போட்டார். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. இதை எழுதலாமா என்று நான் போய்க் கேட்டபோது, "எழுதும், ஆனா கூட்டிக் குறைச்சு எழுதாதேயும்" என்றார்.

நாங்கள் செய்தது நல்லதா என்று இப்போதும் எனக்குத் தெரியாது, அக்கா அதற்குப் பிறகு நன்றாக மெலிந்துவிட்டார். ஆனாலும் துக்கமும் ஒருவருக்குப் போய்ச் சேரவேண்டிய சொத்துத்தான், அதை இரக்கம் என்ற பெயரில் நடுவில் மறித்து வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை என்பதை அந்தப் பிளாக்டவுன் வீட்டில் கற்றுக்கொண்டேன், இன்றும் அது எனக்கு லேசாக வருவதில்லை.